முட்டி மேஸ்திரி வீட்டுப் பயபக்தி

"என் முழங்கால் ஆண்டவர் ஒருத்தருக்குத்தான் மடங்கும். மனுஷனாப் பொறந்த எவனுக்கும் மடங்காது."

இந்த அறிவிப்பு முதன்முதலில் வெளியான இடம் எட்டாம் வகுப்பு. கேட்டவர் கணக்கு வாத்தியார். வீட்டுப்பாடம் செய்யாத குற்றத்துக்காக வராந்தாவில் முட்டி போடச் சொல்லியிருந்தார். மற்ற குற்றவாளிகள் பேசாமல் போய் முட்டி போட்டு, போகிறவர் வருகிறவரை வேடிக்கை பார்த்துக்கொண்டு சுகமாக இருந்தார்கள். நம்முடைய நாயகர் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி மேற்படி அறிவிப்பைச் செய்தார். வாத்தியாருக்குக் கணக்கைத் தவிர வேறெதிலும் நம்பிக்கை கிடையாது. விஷயம் தலைமையாசிரியரிடம் போனது. அவர் தகப்பனாரை வரவழைத்தார். தகப்பனார் மகனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முட்டி போடமாட்டானாமா? சரி, முட்டி போடற வேலைக்கே அனுப்பிடறேன்" என்று சொல்லி, தரைக்குக் கல் பதிக்கிற ஒருவரிடம் அன்றைக்கே கொண்டுபோய் விட்டுவிட்டார்.

இப்படியாக, அரைமணி நேரம் முட்டி போட மறுத்ததால் படிப்பை இழந்த பிள்ளை, அன்று தொடங்கி முட்டி போட்டே பிழைத்துவருகிறார். வேறு யாராவதாக இருந்தால் விதி என்று எழுதிவிடலாம். கிறிஸ்தவர் என்பதால் தேவசித்தம் என்று எழுத வேண்டியிருக்கிறது.

அடுத்தவர் வீட்டுக் கூடம், அடுத்தவர் வீட்டுச் சமையலறை, அடுத்தவர் வீட்டுக் குளியலறை என்று அவர் மண்டியிடாத இடமில்லை. ஊர் வைத்த பெயர் முட்டி மேஸ்திரி. இதில் ஏதோ இடிக்கிறதே என்று யாராவது கேட்டால் பதில் நாக்கு நுனியில் இருக்கும்.

"தரை மனுஷனா? இல்லைல்ல? முடிஞ்சுபோச்சு."

அவரோடு ஒரே கட்டடத்தில் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் கொஞ்சம் வாய்நீளம். "மேஸ்திரி, காலையிலேர்ந்து இந்தக் கக்கூஸ் முன்னாடியே மண்டி போட்டிருக்கீங்களே, ஏதாவது வேண்டுதலா?" என்பார்.

"வாயை மூடிட்டு வயரை இழு."

சிலருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். மேஸ்திரிக்கு முட்டிக்கு மேல் முழுவதுமே கோபம்தான். ஒரு கல் நூலளவு ஏறி உட்கார்ந்தால் கோபம். கலவையில் தண்ணீர் கூடினால் கோபம். ஆனாலும் வாரத்தில் வருகிற கோபத்தில் பெரும்பகுதியை அவர் செலவழிக்காமல் ஞாயிற்றுக்கிழமைக்கென்று சேர்த்துவைப்பார்.

அதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அவர் சபைக்குப் புதிதாக வந்த போதகர் இளைஞர், நல்லவர், வாரம் தவறாமல் முடி வெட்டிக்கொள்பவர். பிரசங்க பீடத்தை ஓரமாக நகர்த்திவிட்டு உயரமான ஸ்டூல் ஒன்றைப் போட்டு, ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, "ஆண்டவர் நம்ம ஃப்ரெண்டு" என்று ஆரம்பிப்பார். ஜனங்கள் காபிக் கோப்பையோடு உள்ளே வருவார்கள். பாவ அறிக்கைக்கும் பாவ மன்னிப்புக்கும் இடையில் கிடைக்கும் சந்தில் கைபேசியை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்வார்கள். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் முன்னால் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்து உட்கார்கிற அதே கனவான், திங்கட்கிழமை தன் மேலதிகாரியின் அறையில் நாற்காலி நுனியில் கால்வாசி உடம்பை மட்டும் வைத்து உட்காருவதை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். பயமும் பக்தியும் செத்துப்போய்விடவில்லை. இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

மேஸ்திரி இதைப் போதகரிடமே கேட்டார்.

"ஃப்ரெண்டுங்கறீங்களே பாஸ்டரய்யா, ஃப்ரெண்டு வந்தா நான் எந்திரிக்கக்கூட மாட்டேன். படுத்த மேனிக்கு ‘வாடா’ம்பேன். ஆண்டவரை அப்படியா கூப்பிடறது?"

"அண்ணே, அது ஒரு அன்புல சொல்றது."

"அன்பு இருக்கட்டும். ‘முடிஞ்சவங்க முழங்கால் போடுங்க, முடியாதவங்க உக்காந்தபடியே இருங்க’ன்னு சொல்றீங்களே, அது எதுல சொல்றது? கோர்ட்டுல ஜட்ஜ் உள்ள வந்தா, ‘முடிஞ்சவங்க எந்திரிங்க’ன்னா சொல்றான்?"

போதகர் சிரித்தபடி அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டல் மேஸ்திரிக்கு ஒரு வாரம் எரிந்தது.

அதன் பிறகு சபையின் பயபக்தியை அவர் தனிப்பொறுப்பாக எடுத்துக்கொண்டார். ஆலயத்தின் தரையும் அவர் கூலி வாங்காமல் பதித்துக்கொடுத்த கருங்கல் தரைதான். அதன்மேல் யார் முட்டி பட்டது, யார் முட்டி படவில்லை என்று பார்க்கும் உரிமை தமக்கு உண்டு என்று நினைத்தார். பாவ அறிக்கை நேரத்தில் முதல் வரிசையில் முதல் ஆளாக மண்டியிடுவார். மண்டியிட்டதும் கழுத்தைப் பின்னால் திருப்புவார். உட்கார்ந்திருப்பவர்மேல் அந்தப் பார்வை விழும். சுண்ணாம்பு சுவரில் விழுகிற மாதிரி, விழுந்தால் லேசில் போகாது. ஜெபத்தில் கண்ணை மூடாதவர்கள் இன்னின்னார் என்று ஆராதனை முடிந்ததும் துல்லியமாகச் சொல்லுவார். அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை.

இப்போது அவருடைய மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாண்டரியில் இஸ்திரி போடுகிறவர். கணவர் நாளெல்லாம் முட்டியில் என்றால் மனைவி நாளெல்லாம் காலில். கடையில் உட்கார்ந்து தேய்க்க வசதியில்லை. வசதி கேட்டால் முதலாளிக்குக் காது கேட்காது. நின்று நின்று இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. மாடிப்படி ஏறும்போது துருப்பிடித்த கதவு மாதிரி உள்ளேயிருந்து சத்தம் வரும். இஸ்திரிப் பெட்டியின் சூடு கொஞ்சம் பேச்சிலும் உண்டு. ஆனால் ஆலயத்துக்குள் போனால் வாயைத் திறக்கமாட்டார். கணவரின் கழுத்து திரும்புவதற்கு முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு மண்டியிட்டுவிடுவார்.

சபையின் பெண்கள் சங்கம் கூடி, முழங்காலுக்குக் கீழே போட்டுக்கொள்ளச் சின்னச் சின்ன மெத்தைகள் தைத்தது. லாண்டரியில் யாரும் வாங்க வராமல் கிடந்த திரைச்சீலைகளை முதலாளியிடம் கெஞ்சி வாங்கிக்கொடுத்தது மேஸ்திரியின் மனைவிதான். மெத்தை வந்த முதல் ஞாயிறு அவர் மண்டியிட்டார், ஜெபித்தார், யாரையும் பிடிக்காமல் எழுந்தார். வீட்டுக்கு வருகிற வழியில் பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

அந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி வேலை முடிந்து கை கால் கழுவிக்கொண்டே சொன்னார்.

"மெத்தையெல்லாம் ஸ்டோர் ரூம்ல போட்டுப் பூட்டிட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"யாரைக் கேக்கணும்? ஆண்டவரைக் கேட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"மெத்தைமேல முட்டி போட்டா அதுக்குப் பேரு ஜெபம் இல்ல, தூக்கம்."

"இது அவர் சொன்னதா, நீங்க சொன்னதா?"

மேஸ்திரி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். முகம் ஏற்கெனவே துடைத்ததுதான். மனைவி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியதைக் கையால் காட்டினார்.

"அது என்ன?"

"தெரியாத மாதிரி கேக்கற. முட்டி உறை."

"வெளிய ரப்பர், உள்ள பஞ்சு. எவனோ ஒருத்தன் வீட்டு பாத்ரூம் தரைக்கு நீங்க பஞ்சு கட்டிக்கிட்டு முட்டி போடுவீங்க. ஆண்டவருக்கு மட்டும் நான் எலும்பை வச்சுப் போடணும். அப்படித்தானே?"

"அது தொழில். இது பக்தி."

"தொழில்ல வலிக்கக் கூடாது, பக்தியில வலிக்கணும். ரொம்ப நல்லா இருக்கு. அதுலயும் வலி எனக்கு, பக்தி உங்களுக்கு."

"வலிச்சாத்தான் ஜெபம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மேஸ்திரி சாப்பிட உட்கார்ந்தார். தட்டு அவர் முன்னால் வைக்கப்பட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

மறுநாள் ஆராதனையில் போதகர் வழக்கம்போல "முடிஞ்சவங்க" என்று ஆரம்பித்தார். மேஸ்திரியின் மனைவி நடுவரிசை ஓரத்தில் உட்கார்ந்தபடியே தலையைக் குனிந்தார். முதல் வரிசையில் கழுத்து திரும்பியது. பார்வை வந்து நின்றது, நகரவில்லை. மனைவி முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கருங்கல்லில் இறங்கினார்.

பாவ அறிக்கை முடிந்தது. பாட்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள். அவர் எழவில்லை. வலது முட்டி பூட்டிக்கொண்டது. ஊன்றி எழலாமென்றால் இடது முட்டி ஒத்துழைக்கவில்லை. நெற்றியை முன்பெஞ்சில் முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக வழிந்தது.

பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவர் அப்படியே இருந்தார். பக்கத்தில் இருந்த பெண் ஒரு தடவை பார்த்தார். பார்த்தவர் கைகொடுக்கவில்லை, இவ்வளவு பெரிய ஜெபத்துக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று நான்கு விரற்கடை நகர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பெண் ஆஸ்பத்திரி நர்ஸ் என்பதையும் இங்கே குறித்துவைப்பது நல்லது.

போதகர் ஸ்டூலில் இருந்தபடி பார்த்தார். தயாரித்து வந்த பிரசங்கத்தை மூடிவைத்துவிட்டார். "பாருங்க சகோதர சகோதரிகளே. நாம எல்லாரும் உக்காந்துட்டோம். ஒருத்தங்க மட்டும் ஆண்டவரோட பாதத்தை விட்டு எழும்ப மனசில்லாம இருக்காங்க. இதுதான் பயபக்தி." சபை திரும்பிப் பார்த்தது. ஆராதனையை இணையத்தில் நேரலையாக விடும் கேமராக்காரர், அதாவது போதகரின் மைத்துனர், கேமராவைத் திருப்பி அந்த அம்மாவின் கண்ணீரை நெருக்கத்தில் பிடித்தார். போதகர் பயபக்தியைப் பற்றி நெடுநேரம் பேசினார். அவருடைய ஊழியத்திலேயே அது மிகச் சிறந்த பிரசங்கம் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருத்தருக்கும் அன்றைக்கு முட்டி வலிக்கவில்லை.

மேஸ்திரி முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தாம் பதித்த தரை, தம்முடைய மனைவி. ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று எல்லோருடைய கைகுலுக்கலையும் வாங்கிக்கொண்டார். உள்ளே, ஆள் இல்லாத ஆலயத்தில், அந்த அம்மா ஒரு பெஞ்சைப் பிடித்து, அடுத்த பெஞ்சைப் பிடித்து, தரையில் உடம்பை இழுத்து இழுத்துத் தானாக எழுந்தார்.

வீட்டில் அவர் பேசவில்லை. திங்களும் செவ்வாயும் பேசவில்லை. டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்தார். ஓரங்களில் உலோகத் தகடும் குறுக்கே மூன்று வார்ப்பட்டைகளும் வைத்த முட்டிப்பட்டை ஒன்றைக் கொடுத்து, குனியக் கூடாது, மண்டியிடக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மனைவியின் மௌனத்தை மேஸ்திரி ஆழ்ந்த ஜெப நிலை என்று எடுத்துக்கொண்டார். முட்டிப்பட்டையைச் சேலை மறைத்திருந்தது. மறைக்காவிட்டாலும் அவர் பார்த்திருப்பார் என்று சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை போதகரும் மைத்துனரும் வீட்டுக்கு வந்தார்கள். மேஸ்திரி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"அம்மா, உங்க ஜெபம் உலகமெல்லாம் போயிட்டிருக்கு" என்று மைத்துனர் கைபேசியை நீட்டினார். அந்தக் காட்சியை மட்டும் வெட்டி, பின்னணியில் வயலின் சேர்த்து, ‘தேவ சமுகத்தில் உருகும் தாய்’ என்று தலைப்பு வைத்திருந்தார். கீழே ஆமென், ஆமென் என்று வரிசையாக இருந்தது.

"பெண்கள் ஜெபக்கூட்டத்தை இனிமே நீங்கதான் நடத்தணும்மா" என்றார் போதகர்.

அந்த அம்மா கடைசிவரை பார்த்தார். பிறகு, "தம்பி, கொஞ்சம் பின்னால ஓட்டுங்க. இன்னும். இங்க நிறுத்துங்க" என்றார். திரையில் கண்ணீர் ஒரு சொட்டாக நின்றது.

"பாஸ்டர், இந்த இடத்துல நான் என்ன ஜெபிச்சேன்னு சொல்லட்டுமா?"

"சொல்லுங்கம்மா" என்று போதகர் ஆவலாக முன்னால் குனிந்தார்.

"‘ஆண்டவரே, முட்டி பூட்டிக்கிச்சு, எந்திரிக்க முடியல. இத்தனை பேர்ல ஒருத்தருக்காவது கை குடுக்கற புத்தியைக் குடும்’னு ஜெபிச்சேன்."

மைத்துனர் கைபேசியைக் கீழே இறக்கினார்.

"அதுக்கு அப்புறம்?" என்று போதகர் மெல்லக் கேட்டார். ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

"அப்புறம் இவரைப் பத்திக் கொஞ்சம் பேசினேன். அது ஜெபத்துல சேராது."

"ஒரு குரல் குடுத்திருக்கலாமேம்மா."

"எப்படிக் குடுக்கறது? நீங்கதான் என்னைக் காட்டிப் பிரசங்கம் பண்ணிட்டிருந்தீங்களே. நடுவுல ‘ஐயோ முட்டி’ன்னா உங்க பிரசங்கம் என்ன ஆகும்?"

போதகரின் முகம் வெளுத்தது. "அதை எடுத்துடு" என்றார் மைத்துனரிடம். மைத்துனர் தயங்கினார். "எடுக்கறேன். ஆனா இவ்வளவு பேருக்கு ஆசீர்வாதமா இருக்கே..."

"என் வலியில எவனும் ஆசீர்வாதம் வாங்க வேண்டாம்" என்றார் அந்த அம்மா. "நான் இனிமே அங்க வரல. ஆண்டவர்மேல எனக்குக் கோபம் இல்ல. அவர் முன்னாடி உக்காந்துட்டு என்னைத் திரும்பிப் பார்க்கறவங்க மேலதான்."

வந்தவர்கள் போனதும் மேஸ்திரி கதவைச் சாத்தினார். "மானத்தை வாங்கிட்ட."

"மானம் முட்டியிலயா இருக்கு? அதுக்குப் பட்டை குடுத்து, குனியக் கூடாது, மண்டி போடக் கூடாதுன்னு டாக்டரே சொல்லியாச்சு."

"முதல்லயே என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். வலிச்சாத்தான் ஜெபம்னீங்க. நல்லாவே வலிச்சுது."

அடுத்த ஞாயிறு மேஸ்திரி தனியாகப் போனார். அதற்கடுத்ததும். "அம்மா வரலையா?" என்று கேட்டவர்களிடம் முதலில் உறுமினார், பிறகு முறைத்தார். பாவ அறிக்கையின்போது பழக்கதோஷத்தில் கழுத்து திரும்பும். நடுவரிசை ஓரம் காலியாக இருக்கும். அதட்டுவதற்கு அங்கே ஆள் இல்லை. சபையார் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தாலும் அவருடைய கண்ணுக்கு அந்தக் காலி இடம் மட்டும் தெரிந்தது. அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தேடினார். போதகர்மேல் வைத்துப் பார்த்தார், பொருந்தியது. மைத்துனர்மேல் இன்னும் நன்றாகப் பொருந்தியது. இருந்தும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைக் கொண்டுபோய் வைக்க இடம் தெரியாமல், ஒரு ஞாயிறு பிரசங்கத்துக்கு முன்னாலேயே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து பேச்சுக் குரல் கேட்டது. யாரோ விருந்தாளி என்று நினைத்து நின்றார். மனைவி ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், முக்காட்டை இழுத்துவிட்டு, கைகூப்பி உட்கார்ந்திருந்தார். எதிரே யாரும் இல்லை. யாரோ இருப்பதுபோல் முதுகு நாற்காலியில் படாமல் இருந்தது.

"...லாண்டரி முதலாளிக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போடற மனசைக் குடுங்க ஆண்டவரே. இல்லன்னா அவருக்கும் ஒரு முட்டி வலியைக் குடுங்க, தானா புரியும். தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க. அப்புறம் எங்க வீட்டுக்காரர். அவர்மேல எனக்கு இன்னும் ஆறல. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. ஆனா அவர் முட்டியும் தேஞ்சுதான் போயிருக்கு. காலையில கட்டிலைப் பிடிச்சுட்டுத்தான் எந்திரிக்கறார். கேட்டா சொல்லமாட்டார். அவரையும் கொஞ்சம் பார்த்துக்குங்க."

மேஸ்திரி கழற்றிய செருப்பைச் சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போனார். அங்கே அவருக்கு எந்த வேலையும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

அந்த வாரம் எலக்ட்ரீஷியன் என்ன கேட்டும் அவர் பதிலுக்குத் திட்டவில்லை. உடம்பு சரியில்லையா என்று எலக்ட்ரீஷியன் உண்மையிலேயே கவலைப்பட்டார்.

ஞாயிறு காலை மேஸ்திரி வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனார். திரும்பி வந்தார்.

"நடுவரிசை ஓரத்துல கைப்பிடி வச்ச நாற்காலி ஒண்ணு கொண்டுபோய்ப் போட்டிருக்கேன்" என்றார். சண்டைக்கு இழுக்கிற குரல்தான். அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"யாருக்கு? முடியாதவங்களுக்கா?"

"உக்காந்து ஜெபம் பண்றவங்களுக்கு."

"நீங்க திரும்பிப் பார்ப்பீங்களே."

"நானும் பக்கத்துலதான் உக்காரப்போறேன். எப்படித் திரும்பிப் பார்க்கறது?"

மனைவி எழுந்துபோய்ச் சேலை மாற்றிக்கொண்டு, முட்டிப்பட்டையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வாரநாளில் லாண்டரிக்குப் போய், கூட வேலை செய்கிற பெண் கையால் மாட்டிக்கொள்வது வழக்கம். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் கிடையாது. பட்டையை முட்டியில் வைத்துக்கொண்டு, கீழ் வாரைப் பிடிக்கக் குனிந்தார். எட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை குனிந்தார்.

"குனியாத. அதுதான் டாக்டர் குனியக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்ல. கையை எடு" என்று மேஸ்திரி அதட்டினார்.

அவர் கையை எடுத்தார். மேஸ்திரி சுவரைப் பிடித்து, மனைவியின் காலடியில், வெறும் தரையில், ஒரு முட்டியாக இறக்கி, மறு முட்டியையும் இறக்கினார். கீழ் வாரை இழுத்துக் கொக்கியில் மாட்டினார்.

"ரொம்ப இறுக்காதீங்க."

அவர் ஒரு துளை தளர்த்திவிட்டு, அடுத்த வாரைக் கையில் எடுத்தார்.